அம்மன் மேடைக்கு அடியில் போன குழாய்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மண்ணுக்கு அடியில் கிடக்கும் குழாயில் பாதிக்கு மேல் என் ஆட்கள் போட்டது. எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் எது போகிறது என்று வரைபடம் இல்லாமல் சொல்வேன். காலேஜ் முடித்து வந்த பிள்ளைகள்கூட, "மேஸ்திரி, இங்க தோண்டலாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடுவார்கள். விசிட்டிங் கார்டில் காண்ட்ராக்டர் என்று போட்டிருக்கிறேன். ஆனாலும் ஊருக்கெல்லாம் மேஸ்திரிதான். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாவம், பெரியவருக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகப் பேச வரக் கூடாது. எனக்குத் தெரியும்.

குழாயில் தண்ணீர் விடுவதை எவனும் செய்வான். குழம்பு விடுவதுதான் வேலை. நான் அதைக் கற்றது வள்ளூர் பக்கத்தில். அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கிக் குழாய் வழியாகத் தள்ளும் வேலையில் எட்டு வருஷம் கிடந்தேன். சாம்பல் கனமானது. ஓட்டம் குறைந்தால் குழாயின் அடியில் உட்கார்ந்துவிடும். அப்போது பம்பை முழு வேகத்தில் விட்டு ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும், கிளம்பிப் போய்விடும். குழாயில் காதை வைத்து, எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொல்வேன். அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள்.

பிறகுதான் எங்கள் தொழிற்பேட்டைக்கு ஐஸ் குழம்பு வந்தது. பேட்டையின் ஒரு மூலையில் ஒரே ஒரு குளிர் நிலையம். அங்கே உப்புத் தண்ணீரைக் குளிரவைத்துக் குருணை குருணையாக ஐஸ் கட்டவைப்பார்கள். சர்பத் கடையில் நொறுக்கிப் போட்ட ஐஸ் மாதிரி, கொஞ்சம் ஐஸும் மீதி தண்ணீருமாக, கொழகொழவென்று இருக்கும். அதைக் குழாயில் தள்ளி எட்டு கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டும். கம்பெனிக்காரர்கள் தனித்தனியாகக் குளிர் மெஷின் வைக்க வேண்டாம். குழாயில் வருகிற குளிரை எடுத்துக்கொண்டு, உருகின தண்ணீரைத் திருப்பி அனுப்பினால் போதும். வெறும் குளிர்ந்த தண்ணீரை அனுப்புவதற்குப் பெரிய பெரிய குழாய் வேண்டும். ஐஸ் கலந்திருந்தால், உருகுவதற்கென்றே தனியாகச் சூட்டை இழுக்கும். அதனால் சின்னக் குழாயே போதும். இதை எனக்கு ஒரு இன்ஜினியர் பையன் ஒரு முறைதான் சொன்னான். நான் அடுத்த வாரமே வேறு பத்துப் பேருக்குச் சொன்னேன்.

அவன் இன்னொன்றும் சொன்னான். "பெரியவரே, சாம்பல் கீழ உக்காரும். ஐஸ் மேல ஏறும். ஓட்டம் நின்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கட்டியாயிடும். நிறுத்தணும்னா, முதல்ல ஐஸ் இல்லாத வெறும் தண்ணிய வுட்டுக் குழாயக் கழுவிட்டுத்தான் நிறுத்தணும்." தலையை ஆட்டினேன். குழம்பைப் பற்றி எனக்கே பாடமா என்று மனதுக்குள் நினைத்தேன்.

குழாய் போடும்போது மூன்றாம் தெரு முனையில் ஒரு இடைஞ்சல் வந்தது. வரைபடத்தில் குழாய் நேராகப் போகிறது. அந்த நேரில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், சுற்றி ஒரு சின்ன மேடை. அம்மன். என் ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்கள். வழியை மாற்ற வேண்டும் என்றால் மேலே எழுதிக் கேட்க வேண்டும், ஒரு மாதம் போகும். எனக்கு வேலையைக் குறித்த நாளில் முடித்துக் காட்டும் பெருமை. அதனால் நானே மேடையை ஒட்டி வலப்பக்கம் ஒரு வளைவு, திரும்ப ஒரு வளைவு கொடுத்து, குழாயைச் சுற்றிக் கொண்டுபோய்விட்டேன். நீண்டு போகிற வளைவு போட இடம் இல்லை. இரண்டும் முழங்கையை மடக்கின மாதிரிச் செங்குத்தான முட்டி. குளிர் வெளியே போகாமல் குழாய்க்கு மேல் போடும் உறை அந்த முட்டிக்குச் சேரவில்லை. தெர்மாகோலைத் துண்டு துண்டாக வைத்து டேப்பைச் சுற்றி மண்ணைத் தள்ளினேன். வரைபடத்தில் நேர்கோடு நேர்கோடாகவே இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பெண்கள் சேர்ந்து அம்மன் மேடையைச் சுற்றி சிமெண்ட் தரை போட்டார்கள். அந்தத் தரை சரியாக என் முட்டிக்கு மேலே விழுந்தது. சித்திரை வெயிலில் ரோட்டில் கால் வைக்க முடியாது, அந்த இடத்தில் மட்டும் பாதம் ஜில்லென்று இருக்கும். ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நிற்பார்கள். அங்கே பூ விற்று விளக்கேற்றும் அம்மா எல்லோரிடமும் சொல்வாள்: "பாரு, எங்கம்மா எப்டி குளிந்து கீறா!" ஆரம்பாக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அம்மாளுக்கே ஏ.சி. போட்டவன் நான் என்று உள்ளே ஒரு சிரிப்பு ஓடும்.

இனி பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் இறால், நண்டு வியாபாரம் செய்த ஒரு பாயிடம்தான் நான் சிறுவயதில் ஐஸ் கட்டி சுமந்தேன். எனக்கு முதல் சோறு போட்டவர் அவர். அவருடைய மகளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும், எனக்கு இன்னும் பாப்பாதான். நான் அவளுக்கு அண்ணன். வயது வித்தியாசம் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பாயின் கொட்டகையில் எல்லோரும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கூப்பிட ஆரம்பித்தாள், அப்படியே நின்றுவிட்டது. பாய் போன பிறகு அண்ணன் தம்பிகள் வளைகுடாப் பக்கம் போய்விட்டார்கள். வியாபாரத்தை இவள் தனியாக எடுத்து நடத்தினாள். பத்து வருஷம் இன்னொரு கம்பெனிக்கு இறால் பிடித்துக் கொடுத்துவிட்டு, முதல் முறையாகத் தன் சொந்தப் பெயரில் வெளிநாட்டுக்கு இறால் அனுப்ப ஒரு ஆர்டர் வாங்கியிருந்தாள். பெட்டியில் ஒட்டுகிற சீட்டில் பாயின் பெயரை, அவள் வாப்பா பெயரைப் போட்டிருந்தாள். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

எங்கள் குழாய் போகிற ஷெட் ஒன்றில் குளிர் அறை எடுத்துக்கொள்ளச் சொன்னது நான்தான்.

"ஐஸ் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கவா அண்ணே? ஒரு தைரியத்துக்கு," என்று கேட்டாள்.

"இன்னா பாப்பா, அந்தக் காலத்துல நான் தலையில சொமந்த ஐஸ இன்னும் எதுக்குக் கட்டிக்கினு அழுவுற? என் குழாய் போட்ட நாள்லேந்து நின்னதே இல்ல. நான் இருக்கேன்ல?"

அவள் ஐஸ் வாங்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை எட்டு மணிக்கு அவளுடைய இறால் வந்து இறங்கியது. விடியற்காலையில் குட்டையில் பிடித்தது. உடனே குளிர வைக்க வேண்டும், சாயந்திரம் ஐந்து மணிக்கு வாங்குகிறவரின் ஆள் வந்து பார்த்து வண்டியில் ஏற்றுவான். அந்த அறைக்கு எங்கள் குழாயைத் தவிர வேறு குளிர் கிடையாது.

நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குளிர் நிலையத்துக்குப் போனேன். பூசணிக்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். தொழிற்பேட்டை முழுக்க மெஷின்களைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். குளிர் நிலையத்தில் மட்டும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஆப்பரேட்டராக இருந்தவன் செவ்வாப்பேட்டைக்காரன். இரண்டு ரயில் மாறி வேலைக்கு வருகிறவன், அமைதியான ஆள். ஓடுகிற பம்பின் மேலேயே குங்குமம் வைக்கப் போனான்.

"டேய், ஓட்ற மிஷினுக்கா பொட்டு வெப்ப? வருஷத்துக்கு ஒரு நாளு அதுக்கும் லீவு வேணாம்? நிறுத்துடா," என்றேன்.

"நிறுத்தக் கூடாது நைனா. நிறுத்தணும்னா ஐஸ வெளியேத்தணும். ஒன்றர மணி நேரம் ஆவும்."

"பத்தரையோட நல்ல நேரம் முடியுது. அரை மணி நிறுத்து, பூஜையப் போட்டுட்டு வுட்டுக்கலாம். அரை மணியில இன்னாடா ஆயிடும்?"

"வேணாம் நைனா, சொன்னாக் கேளு. இது தண்ணி இல்ல."

"ஏய், குழம்பு இன்னான்னு எனக்குச் சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே குழம்பத் தள்ளினவன்டா நான்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அவன் நிறுத்தினான். அப்போது மணி ஒன்பது இருபது. சந்தனம் வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காயைப் போட்டு உடைத்தேன். ஒரே போட்டில் நாலாக உடைந்தது. கை தட்டினார்கள்.

பத்து மணிக்குப் பம்பைப் போட்டான். அழுத்தம் காட்டும் முள் மேலே ஏறியது, ஏறிக்கொண்டே போனது. திரும்பி வரும் குழாயில் ஓட்டம் இல்லை. அவன் பம்பை அணைத்தான்.

"அடைச்சிக்கிச்சு நைனா."

"உக்காந்திருக்கும். முழு வேகத்துல ஒரு தள்ளு தள்ளு, கெளம்பிடும்."

"தள்ளுனா இன்னும் இறுகிடும்..."

"தள்ளுடான்றேன்!"

மூன்று முறை தள்ளவைத்தேன். சாம்பல் என்றால் முதல் தள்ளிலேயே போயிருக்கும். இது ஈர மணலைக் கோணிப்பையில் அடைத்துக் குத்தினமாதிரி இறுகிக்கொண்டே போயிருக்கிறது. மூன்றாவது முறை முள் சிவப்புக் கோட்டுக்குப் போனதும் அவனே ஸ்விட்சைப் பிடுங்காத குறையாக அணைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

அப்போதுதான் பூக்கார அம்மா ஓடிவந்தாள். முந்தானை நழுவுவதுகூடத் தெரியாமல் மூச்சு வாங்கினாள்.

"மேஸ்திரி, மேஸ்திரி! அம்மா கோவமா கீறா! கீழேந்து தட்றா! மூணு வாட்டி டொம்மு டொம்முன்னு தட்னா, தரையே அதிருது! இன்னா தப்பு நடந்துச்சுன்னு தெரிலயே!"

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பத்து மணி பத்து நிமிஷம்.

மூன்று தள்ளு, மூன்று தட்டு. அடைப்பு என் முட்டியில் இருக்கிறது. மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துப் போனால் அரை மணியில் குழாயைத் தொட்டுவிடலாம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வரைபடத்தில் இல்லாத முட்டி வெளியே வரும். இரண்டு வருஷமாகப் பெண்கள் கும்பிட்ட குளிர்ச்சி என் டேப்பு ஒழுங்காகச் சுற்றாத குளிர்ச்சி என்று தெரியும். பூஜை நாளில் அம்மன் தரையை இடிக்கச் சொன்னவன் என்ற பெயர் வரும். இன்னும் நான்கு தெருவுக்குக் குழாய் நீட்டப்போகிறார்கள், அந்த வேலையும் என் கையைவிட்டுப் போகும். இத்தனையும் ஒரு மூச்சில் என் தலைக்குள் ஓடின. இறால் அதில் கடைசியாகத்தான் வந்தது.

ஆப்பரேட்டர் இன்ஜினியர் பையனுக்கு போன் போட்டான். அவன் பண்டிகைக்குச் சொந்த ஊர் போயிருந்தான். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது: "தள்ளாதீங்க, யாரும் தள்ளாதீங்க! வளைவுலயோ வால்வுலயோதான் அடைச்சிருக்கும். அந்த லைன்ல வளைவே கெடையாது, நேர் லைன். வால்வு குழி ஒவ்வொண்ணாத் தொறந்து பாருங்க. அடைச்ச எடம் கெடைச்சா மேல சுடுதண்ணி ஊத்துங்க. பெரியவர் இருக்காரா? அவருக்கு லைன் மனப்பாடம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வால்வு குழியிலேந்து ஆரம்பிங்க," என்றேன்.

பாப்பா வந்தாள். தலையில் முக்காடு, கையில் அறையின் தெர்மாமீட்டர். அறைச் சுவரில் இருந்ததைக் கழற்றியே கொண்டுவந்துவிட்டாள்.

"அண்ணே, ஏறிக்கினே இருக்கு. எவ்ளோ நேரமாவும்?"

"ஆயிடும் பாப்பா. இதோ பாத்துக்கினு இருக்கோம்ல."

"ஐஸ் எங்கனா கெடைக்குமா பாக்கறேன்," என்றாள். ஓரமாக நின்று ஒவ்வொரு ஐஸ் பேக்டரிக்கும் போன் போட்டாள். பொன்னேரி, கவரைப்பேட்டை, செங்குன்றம். பதில் எனக்கும் காதில் விழுந்தது. "மிஷினுக்குப் பொட்டு வெச்சிட்டோம்மா, நாளைக்குத்தான் ஓட்டுவோம்." எங்கே கேட்டாலும் அதே பதில். ஊரில் உள்ள ஐஸ் மெஷின் எல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டு சும்மா நின்றன. அவளுடைய வேலைக்காரப் பெண்கள் ஜூஸ் கடை, பிரியாணிக் கடை என்று அலைந்து பிளாஸ்டிக் பையில் நாலு கட்டி கொண்டுவந்தார்கள். அது அவ்வளவு பெட்டிக்கு எந்த மூலைக்கு?

முதல் வால்வு குழியைத் திறந்து உறையை அறுத்துச் சுடுதண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றும் இல்லை. நான் அதில் குனிந்து குழாயில் காதை வைத்துக் கேட்டேன். கேட்பது மாதிரி நடித்தேன். வெள்ளை வேட்டி முழுக்க மண். வேர்வை கண்ணில் இறங்கியது. "இங்க இல்ல, அடுத்ததுக்குப் போங்க," என்றேன். அடுத்த குழி இன்னும் ஆழம். பன்னிரண்டரை ஆனது. என் ஆட்களில் ஒருவன் கை கிழித்துக்கொண்டான். இல்லாத இடத்தில் தேடச் சொல்லி, உயிரைக் கொடுத்துத் தோண்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பள்ளம் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து மண்ணைத் தள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது.

பாப்பா ஒரு மணிக்குத் திரும்ப வந்தாள். அழவில்லை. உள்ளங்கையில் ஒரு இறால் வைத்திருந்தாள். அதன் தலை கறுக்க ஆரம்பித்திருந்தது. இறாலுக்குச் சூடு பட்டால் முதலில் தலைதான் கறுக்கும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மேல் அடுக்கு இப்டி ஆயிடுச்சுண்ணே. அடி அடுக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கு. மூணு மணிக்குள்ள வந்துட்டாக்கூடப் பாதி நிக்கும்." உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "வாப்பா பேரு போட்ட சீட்ட இன்னும் ஒட்டல. ஒட்டட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

நான் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

"எல்லாரும் இன்னா இன்னாவோ சொல்றாங்க. நீங்க சொன்னாத்தான் அது சரியா இருக்கும். வேற எங்க தோண்டலாம், யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாம இங்க ஒரு குழா இல்ல."

அவள் என்னைப் புகழவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னாள். அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். மூன்றாவது குழியையும் தோண்டவைத்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. வாழ்நாளெல்லாம் எவனுக்கும் பயப்படாதவன் என்று சொல்லித் திரிந்தவன் நான்.

இரண்டு மணிக்கு வாயைத் திறந்தேன். அப்போதாவது உள்ளதைச் சொன்னேனா என்றால், அதுவும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். "காலையில அம்மா மூணு வாட்டி தட்டினாளாமே," என்றேன். "அவதான் எடத்தக் காட்றா. அங்க தோண்டுங்க."

பூக்கார அம்மா, "தாயே!" என்று கத்திவிட்டாள். தரையை இடிக்க ஒருவரும் குறுக்கே வரவில்லை. அம்மாவே சொல்லிவிட்ட பிறகு யார் தடுப்பார்கள்? பெண்களே குடத்தை நகர்த்தி, விளக்கை எடுத்து வைத்து வழி விட்டார்கள். கேன்டீனில் சுண்டலுக்கு வைத்த பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து இரண்டு பேர் கம்பு போட்டுத் தூக்கிவந்தார்கள். சிமெண்டை உடைத்து இரண்டரை அடி போவதற்குள் முட்டி தெரிந்தது. என் டேப்பு, என் தெர்மாகோல், சுற்றிலும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. கூட்டம் கும்பிட்டது. கற்பூரம் ஏற்றினார்கள்.

ஆப்பரேட்டர் மட்டும் கும்பிடவில்லை. பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தான், முதல் முட்டி, இரண்டாவது முட்டி. பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"நைனா, ட்ராயிங்ல இந்த மூல இல்லியே."

"இல்ல."

"உனுக்குக் காலையிலயே தெரியும்."

நான் அண்டாவைப் பிடிக்கப் போனேன். சுடுதண்ணீரை நானே மொண்டு மொண்டு ஊற்றினேன். கை வெந்ததும் தெரியவில்லை. உள்ளே ஐஸ் நொறுங்குகிற சத்தம், அப்பளம் உடைகிற மாதிரி, மெல்லக் கேட்டது. அவசரப்பட்டுத் தள்ளாமல் பம்பை மிகச் சின்ன வேகத்தில் விட்டார்கள். நான்கு மணிக்குத் திரும்பி வரும் குழாயில் தண்ணீர் வந்தது. என்னைத் தோளில் தூக்காத குறை.

ஐந்து மணிக்கு வாங்குகிறவரின் ஆள் வந்தான். பெட்டி பெட்டியாகத் திறந்தான். இரண்டாவது பெட்டியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான். குளிர்ச்சுருளை ஒட்டிச் சுவரோரம் இருந்த கொஞ்சம் பெட்டிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தான். பிறகு, "இதுக்காக ஒரு வண்டி ஓட்ட முடியாதும்மா," என்று அதையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். வாப்பா பெயர் போட்ட சீட்டுக்கட்டு ரப்பர் பேண்ட் அவிழ்க்காமல் மேசையில் இருந்தது.

பாப்பா அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். இவ்வளவு ஆகியும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "கைய நீட்டுங்கண்ணே, ஒரே மண்ணு," என்று அவளே ஊற்றினாள். வெந்த இடத்தில் தண்ணீர் பட்டு எரிந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அண்ணன் இல்லாட்டி இன்னிக்குக் குழா தொறந்தே இருக்காது. என் நசீபு, என் தலையெழுத்து, கொஞ்சம் லேட்டாயிடுச்சு. எங்க வாப்பா இருந்தா அண்ணன் கையப் புடிச்சிருப்பாரு."

புகழ்ச்சி எனக்குச் சாப்பாடு மாதிரி. மேடையில் ஒருவன் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினால் ஒரு வாரத்துக்குப் பசிக்காது. அன்றைக்கு அவள் சொன்னது தொண்டையில் நின்றுகொண்டது. இன்னும் இறங்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஆப்பரேட்டர் வந்தான். "அந்த அக்காவாண்ட நீயே சொல்றியா?"

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்டா."

அவன் அப்புறம் கேட்கவே இல்லை. பம்பை ஐஸோடு நிறுத்தியது யார் என்று விசாரணை வந்தபோது, "நான்தான்" என்று எழுதி அவன் கையெழுத்துப் போட்டான். அதில் பொய் இல்லை, ஸ்விட்சைத் தொட்டது அவன் கைதான். முட்டியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது, என் பெயரும் எங்கும் இல்லை. எனக்குத் தொழிற்பேட்டைச் சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

பிறகு அந்த முட்டியை எடுத்துவிட்டு, ரோட்டையும் கொஞ்சம் வெட்டி இடம் பண்ணி, நல்ல வளைவாகப் போட்டு, உறையை ஒழுங்காக மூடிவிட்டார்கள். சிமெண்ட் தரையையும் புதிதாகப் போட்டார்கள். இப்போது மத்தியானத்தில் அங்கே கால் வைக்க முடியாது, ரோடு மாதிரியே சுடுகிறது. பூக்கார அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்: "இன்னா மேஸ்திரி, அம்மா கோச்சிக்கினு போயிட்டாளா? உன்கிட்டதான் பேசுவாளே, கேட்டுச் சொல்லேன்."

பாப்பா அந்த அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பழவேற்காட்டுக் கொட்டகையும் கைமாறிவிட்டது. இன்னொருவருடைய இறால் கம்பெனியில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் நின்று இறால் தரம் பிரிக்கிறாள். முதலாளி மகள், முதலாளியாக இருந்தவள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது என் வண்டியைப் பார்த்தால் ஜன்னலிலிருந்து கை காட்டுவாள். ஒரு நாள் இறங்கியே வந்துவிட்டாள். "கை ஆறிடுச்சாண்ணே?" என்று கேட்டாள். நாலு முறை அவள் வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன். டீ கொடுப்பாள், குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

நேரில் என் வாய்க்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசின வாய் அது. அதனால்தான் ஐந்தாம் வகுப்புக்காரன் உட்கார்ந்து, என் பேத்தியை விட்டுப் பிழை திருத்தச் சொல்லி, இதை எழுதினேன். பாப்பா நன்றாகப் படிப்பாள். அச்சானதும் முதல் பிரதி அவளுக்குத்தான் போகிறது.

பாப்பா, பம்பை நிறுத்தச் சொன்னது நான். தள்ளச் சொன்னது நான். அம்மா எனக்கு எதையும் காட்டவில்லை. உன் இறாலில் ஒன்றுகூடத் தலை கறுப்பதற்கு முன்னால், பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, அடைப்பு இருக்கும் இடம் எனக்குத் தெரியும். லேட்டானதற்கு உன் நசீபு காரணம் இல்லை. நான் இரண்டு மணி வரைக்கும் சும்மா நின்றேன்.